அகலிகையும் ஒரு பூனையும்: ஒப்பிலக்கியம் பிற கலைகளைத் தொடும் இடம்

முதுகலைத் தமிழ் பயிலும் ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது: ஒப்பிலக்கியம் என்றால் ஒரு மொழியின் நூலை இன்னொரு மொழியின் நூலோடு ஒப்பிடுவது என்றுதான் படித்தோம்; அகலிகைக் கதையை எடுத்துக்கொண்டு அதைச் சிற்பத்தோடும் ஓவியத்தோடும் கீர்த்தனையோடும் சேர்த்து ஆய்வேடு எழுதினால் அது ஒப்பிலக்கியம் ஆகுமா, அல்லது கலை வரலாற்றுக்காரர்களின் வயலில் இறங்கி மேய்ந்ததாக ஆகுமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது எல்லைத் தகராறு. அதற்கு ஒரே வரியில் ‘ஆகும்’ என்று பதில் சொல்லிவிடலாம். கேள்விக்குள் இருக்கும் உண்மையான தயக்கம் வேறு என்று எனக்குப் படுகிறது. கவிதை சொல்லால் ஆனது, சிற்பம் கல்லால் ஆனது, கீர்த்தனை குரலால் ஆனது. இவற்றை எந்தக் கோலால் அளப்பது, அளந்து கிடைத்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்பதே அந்தத் தயக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியவன் என்ற முறையிலும், இதே இடத்தில் ஒருமுறை தடுக்கி விழுந்தவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

எல்லைத் தகராற்றை முதலில் முடித்துவிடுவோம். 1827இல் ஜெர்மானியக் கவிஞர் கதே ‘உலக இலக்கியம்’ என்ற சொல்லைத் தம் உதவியாளர் எக்கர்மானிடம் எடுத்துப் பேசியபோதும், 1907இல் தாகூர் கல்கத்தாவில் ‘விசுவ சாகித்தியம்’ என்று பேசியபோதும் அவர்கள் முன்னே இருந்தது இலக்கியம்தான். பின்னர் வந்த பிரெஞ்சு அறிஞர்கள் யாரிடமிருந்து யார் எதைப் பெற்றார் என்று சான்று காட்டக்கூடிய தொடர்புகளை மட்டுமே ஒப்பிலக்கியம் என்றனர். அந்தப் போக்கு இலக்கியத்தை வரவு செலவுக் கணக்காக்குகிறது என்று 1958இல் விமரிசகர் ரெனே வெல்லெக் கடுமையாகச் சாடினார். ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டி இலக்கியத்தைப் படிப்பதோடு, ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, இசை, மெய்யியல், சமயம் முதலியவற்றோடு இலக்கியத்துக்கு உள்ள உறவைப் படிப்பதும் ஒப்பிலக்கியமே என்று 1961இல் ஒப்பிலக்கிய அறிஞர் ஹென்றி ரெமாக் வரையறுத்தார். நம் பாடநூல்கள் பலவும் இந்த வரையறையைத்தான் வழிமொழிகின்றன. 1956இல் புத்ததேவ போஸ் முன்னின்று ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய துறையும், 1969இல் க. கைலாசபதி தமிழில் ஒப்பியல் பற்றி வெளியிட்ட நூலும் நம் பக்கத்து மைல்கற்கள். ஆகவே உங்கள் தலைப்பை மதிப்பீட்டாளர் எவரும் ‘இது இத்துறையைச் சேர்ந்ததன்று’ என்று தள்ள முடியாது. ‘சரியாகச் செய்யவில்லை’ என்று தள்ள முடியும். அதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

சரியாகச் செய்வது என்றால் என்ன என்பதற்கு 1766இல் ஜெர்மானிய விமரிசகர் லெஸ்ஸிங் எழுதிய ‘லாவகூன்’ என்னும் நூல் இன்றைக்கும் நல்ல தொடக்கம். பாம்புகள் பிணைத்து நெரிக்கும் பூசாரி லாவகூனை உரோமக் கவிஞர் வர்ஜில் தன் காவியத்தில் வானளாவ அலற விடுகிறார். உரோமில் 1506இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பளிங்குச் சிற்பத்திலோ அவன் வாய் சற்றே திறந்து பெருமூச்சு விடுவதுபோல் இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் கிரேக்கரின் மன அடக்கமே காரணம் என்றார் கலை வரலாற்றறிஞர் விங்கல்மான். லெஸ்ஸிங் அதை மறுத்தார். கவிதை ஒன்றன்பின் ஒன்றாக நகரும் கலை, அதில் அலறல் வந்து போய்விடும். சிற்பம் ஒரே கணத்தைப் பிடித்து நிறுத்தும் கலை, அதில் அகலத் திறந்த வாய் என்றென்றைக்கும் ஒரு குழியாகவே நின்றுவிடும் என்றார். அவருடைய பிரிவினையில் ஓட்டைகள் உண்டு. ஒரே பலகையில் பல கணங்களை அடுத்தடுத்துக் காட்டும் நம் நாட்டுப் புடைப்புச் சிற்பங்களை அவர் கணக்கில் கொள்ளவில்லை. ஆனாலும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. இரண்டு கலைகளுக்கிடையே ஒரு வேறுபாட்டைக் கண்டவுடன் அதற்குப் பண்பாட்டுக் காரணம் தேடி ஓடக் கூடாது. அந்தக் கலையின் கருவி எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய மாட்டாது என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி அகலிகைக்கு வருகிறேன். நூல்களின் நிலை ஓரளவு தெளிவானது. வான்மீகியின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாவதில்லை. கௌதமன் வடிவில் வந்தவன் இந்திரன் என்று அறிந்தே, தேவராசன் மீதுள்ள ஆவலால், அவள் இசைகிறாள். காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் இரு என்பதே அவளுக்குக் கிடைக்கும் சாபம். இராமன் வரும்போது அவள் கண்ணுக்குத் தெரிகிறாள். இராமனும் இலக்குவனும் அவள் கால்களைத் தொட்டு வணங்குகிறார்கள். யார் காலை யார் தொட்டது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காளிதாசரின் இரகுவம்சம் 11ஆம் சருக்கத்தில் கௌதமன் மனைவி கல்லாய்க் கிடக்கிறாள். இராமன் அடித்தூளியின் அருளால் தன் உடலை மீண்டும் பெறுகிறாள். கம்பனிலும் கல்தான், அடித்துகள்தான். ‘கைவண்ணம் அங்குக் கண்டேன், கால்வண்ணம் இங்குக் கண்டேன்’ என்ற விசுவாமித்திரன் கூற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கம்பனின் அகலிகை இடையில் உண்மையை உணர்கிறாள், உணர்ந்த பின்னும் ‘தக்கது அன்று என்ன ஓராள்’. அதே படலத்தின் முடிவில் விசுவாமித்திரன் அவளை ‘நெஞ்சினால் பிழைப்பு இலாள்’ என்கிறான். இந்த இரண்டு தொடரையும் ஒன்றாக வைத்து உரையாசிரியர்கள் பட்ட பாடு தனி ஆய்வுக்கு உரியது. இங்கே அதற்குள் போகவில்லை.

வெறும் நூல் ஒப்பீடு இத்தோடு நின்றுவிடும். சங்க நூலான பரிபாடலைச் சேர்த்தவுடன் கதை வேறாகிறது. நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாடலில் மதுரை மக்கள் திருப்பரங்குன்றம் ஏறுகிறார்கள். அங்கே ‘எழுத்துநிலை மண்டபம்’ ஒன்று இருக்கிறது. எழுத்து என்பது இவ்விடத்தில் ஓவியம். அதனுள் நெருங்கி நிற்பவர்களில் சிலர் சுட்டிக் கேட்கிறார்கள், சிலர் சுட்டி அறிவுறுத்துகிறார்கள். ‘இரதி காமன் இவள் இவன் எனாஅ’ என்று ஒரு விடை. அடுத்து வருவது நமக்கு வேண்டியது:

‘இந்திரன் பூசை இவள் அகலிகை இவன்
சென்ற கவுதமன் சினன்உறக் கல்உரு
ஒன்றிய படிஇது என்றுஉரை செய்வோரும்’

பூசை என்றால் பூனை. இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை, இவன் வெளியே சென்றிருந்த கவுதமன், அவன் சினந்ததால் இவள் கல்லுருவானது இப்படி. சுவரில் எழுதிய ஒரு கதையை, அதன் முன் நின்ற ஒருவர் வாய்மொழியாக விளக்க, அந்த விளக்கத்தைப் புலவர் பாட்டாக்கியிருக்கிறார். அந்தப் பாட்டுக்குக் காந்தாரப் பண் குறிக்கப்பட்டிருக்கிறது. ஓவியம், பேச்சு, கவிதை, இசை நான்கும் மூன்று அடிகளில் சந்திக்கின்றன. எழுபதில் இருபத்திரண்டு பாடல்களே முழுமையாகக் கிடைத்த ஒரு தொகையில், 1918இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்ததால் நம் கைக்கு வந்த நூலில், இந்தப் பாடல் தப்பிப் பிழைத்தது நம் நல்லூழ். இலக்கியத்தையும் ஓவியத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்க்கு, இவ்விரண்டையும் பிரித்தால் இந்த அடிகளைப் படிக்கவே முடியாது என்பதுதான் என் விடை.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பாடலின் காலத்தில், தமிழ்நாட்டில், அகலிகை கல்லானாள் என்ற கதையும் இந்திரன் பூனையானான் என்ற கதையும் வழக்கில் இருந்தன. பொதுமக்கள் கூடும் இடத்தில் சுவரில் தீட்டும் அளவுக்கு, பார்த்தவுடன் அருகிலிருப்பவர் விளக்கும் அளவுக்கு அறியப்பட்டிருந்தன. இவை வான்மீகியில் இல்லாதவை. மூன்றாவதாக ஒன்று: இந்த ஓவிய விளக்கத்தில் இராமன் இல்லை. சாபம் இருக்கிறது, விமோசனம் இல்லை. முருகன் குன்றில், வள்ளியை அவன் மணந்ததைப் போற்றும் பாடலில், இரதி காமன் படத்துக்கு அடுத்து அகலிகை நிற்கிறாள். அதாவது அங்கே இது இராம கதையின் கிளைக்கதையாக நிற்கவில்லை. காமத்தைப் பற்றிய தனிக்கதையாக நிற்கிறது. இந்திரனை ‘அகலிகையின் கள்ளக் காதலன்’ என்று விளிக்கும் வழக்கம் சதபத பிராமணம் என்னும் வேதகால நூலிலேயே இருப்பதால், இக்கதை இராமனோடு சேர்வதற்கு முன்பே தனியே வாழ்ந்தது என்பதில் வியப்பில்லை.

ஐயத்துக்கு உரியவை வேறு. பரிபாடலின் காலத்தை 3ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 5, 6ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. காளிதாசர் காலத்தையும் பெரும்பாலோர் 4, 5ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். ஆகையால் ‘கல்’ வடக்கிலிருந்து வந்ததா, தெற்கில் தோன்றியதா என்று தீர்ப்புச் சொல்ல இடமில்லை. மாணவர்கள் பலர் இங்கேதான் உணர்ச்சிவசப்படுகிறார்கள். கம்பன் பரிபாடலைத்தான் பின்பற்றினான், ஆகவே தமிழ் மரபே மூலம் என்று எழுதிவிடுகிறார்கள். கம்பன் பரிபாடலைப் படித்திருக்கலாம், ஊர் வழங்கிய கதையைக் கேட்டிருக்கலாம், வடமொழி நூல்களிலிருந்து பெற்றிருக்கலாம். மூன்றும் ஒருங்கே நிகழ்ந்திருக்கலாம். அந்த ஓவியத்தையும் நாம் சரிபார்க்க முடியாது. திருப்பரங்குன்றத்தில் இன்று நாம் காணும் குடைவரை 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. பரிபாடல் சொல்லும் மண்டபத்தின் சுவர் எதுவும் எஞ்சவில்லை. படம் ஒரே பலகையில் பூனை, பெண், முனிவன், கல் என எல்லாவற்றையும் காட்டியதா, அடுத்தடுத்த பலகைகளாக இருந்ததா என்பதற்கு ‘இவள்’, ‘இவன்’, ‘இது’ என்னும் மூன்று சுட்டுச் சொற்களே சான்று. அவளை ‘இவள்’ என்றும் கல்லான நிலையை ‘இது’ என்றும் தனித்தனியே சுட்டுவதால், பெண்ணாக ஒருமுறையும் கல்லாக ஒருமுறையும் அவள் தீட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். இது வாசிப்பு, நிரூபணம் அன்று.

பூனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர மனமில்லை. 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரம் என்னும் வடமொழிக் கதை நூலிலும் இந்திரன் பூனையாகிறான். அங்கே, உள்ளே யார் என்று கௌதமர் கேட்க, அகலிகை, வடமொழிக்கு நெருங்கிய பேச்சுமொழியான பிராகிருதத்தில், ஒரு சிலேடையால் விடை தருகிறாள்; அதில் வரும் சொல் ‘பூனை’ என்றும் பொருள்படும், ‘என் காதலன்’ என்றும் பொருள்படும். பொய் சொல்லாமல் மறைத்தாள் என்பது அதன் நயம். இந்தச் சிலேடை பிராகிருதத்தில் மட்டுமே நிற்கும். வடமொழியிலும் நிற்காது, தமிழிலும் நிற்காது. எனவே பூனை முதலில் ஒரு பிராகிருதக் கதையில் சொல் விளையாட்டாகப் பிறந்து, பிறகு சொல்லை உதறிவிட்டு உருவமாக மட்டும் பிற மொழிகளுக்குள் நடந்து வந்தது என்று கருத இடமுண்டு. மொழி தாண்டும்போது உதிர்ந்துபோக வேண்டிய பூனை தமிழில் ஏன் தங்கியது? இங்கே ஓவியம் உதவுகிறது. வான்மீகியின் கதையை அப்படியே சுவரில் எழுதினால் ஒரே தோற்றத்தில் இரண்டு கௌதமர்கள் நிற்பார்கள். பார்ப்பவர்க்கு யார் முனிவர், யார் கள்வர் என்று தெரியாது. பூனையாக எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. கேட்கும் கதையில் நயமாக இருந்தது பார்க்கும் கதையில் தேவையாகிவிட்டது. இது என் ஊகம் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் நூலை மட்டும் நூலோடு ஒப்பிட்டிருந்தால் இந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியிருக்காது.

நான் தடுக்கி விழுந்த இடம் சிற்பம். உத்தரப் பிரதேசத்தின் தேவ்கரில் உள்ள தசாவதாரக் கோயில் 5, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பலகைகளில் இராமன் அகலிகைக்கு அருள்வதாக அடையாளம் காணப்பட்டது ஒன்று உண்டு. அதில் அவள் பெண்ணுருவிலேயே இருக்கிறாள். ஆகவே அந்தச் சிற்பி கல் கதையை அறியாதவன், வான்மீகியைப் பின்பற்றியவன் என்று ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் அடித்துச் சொன்னேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. சில மாதங்கள் கழித்துப் பழைய கோயில் திருப்பணி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த முதிய ஸ்தபதி ஒருவரிடம் இதை உற்சாகமாகச் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்: “எல்லாமே கல்லுதானே ஐயா, அதுல எந்தக் கல்லு அகலிகைன்னு எப்படிக் காட்டுறது?” அன்றிரவு கட்டுரையை எடுத்துப் பார்த்தேன், அந்தப் பத்தி நிற்கவில்லை. ஓவியனுக்கு வண்ணம் இருக்கிறது, சாம்பல் நிறத்தில் ஒரு பாறையைத் தீட்டி அதிலிருந்து பெண்ணை எழச் செய்யலாம். நம் வீட்டு நாட்காட்டிப் படங்கள் அதைத்தான் செய்கின்றன. கற்சிற்பிக்குப் பெண்ணும் கல், பாறையும் கல், இராமனும் கல். அவன் விமோசனம் முடிந்த கணத்தைத் தேர்ந்தெடுத்தால் அவள் பெண்ணாகத்தான் இருந்தாக வேண்டும், அவன் அறிந்த கதை எதுவாயினும் சரி. சிற்பத்தில் கல் இல்லாதது சிற்பிக்குக் கல் கதை தெரியாது என்பதற்குச் சான்றாகாது. இதைத்தான் லெஸ்ஸிங் முன்பே சொல்லியிருந்தார். நானும் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திக்கொண்டிருந்தேன்.

இசையைப் பற்றி எனக்கு முறையான பயிற்சி இல்லை. கேட்பவன் அளவில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தியாகராஜர் அமிருதவாகினி இராகத்தில் அமைத்த ‘ஸ்ரீராம பாதமா’ என்னும் தெலுங்குக் கீர்த்தனை இராமனை விளிப்பதில்லை, அவன் பாதத்தை விளிக்கிறது. சரணத்தில் அகலிகை வழியோரம் கல்லாய்க் கிடந்து, தாபம் பொறாது நாள்தோறும் கண்ணீர் சொரிகிறாள். அவளைக் கண்டு காத்ததுபோல் என்னையும் காத்தருள் என்று முடிகிறது. கல் கண்ணீர் விடுகிறது என்பதைக் கவனியுங்கள். வான்மீகியில் இரு அரசகுமாரர்கள் தொட்டது அகலிகையின் பாதம். இங்கே பாடல் முழுவதும் இராமனின் பாதம். இந்தத் திருப்பம் பக்தி இயக்கத்தின் நெடும்பயணம், அதை ஒரு கீர்த்தனையின் தலையில் ஏற்றிவிட முடியாது. ஆனால் கீர்த்தனை என்ற வடிவம் ஒன்றைச் செய்கிறது: பல்லவி சரணம் முடிந்த ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதால், கதை முன்னே போனாலும் காது பாதத்துக்கே மீள்கிறது. சாகித்தியத்தை, அதாவது பாடல் வரிகளை, மட்டும் அச்சில் படிப்பவர்க்கு ஒருமுறை வரும் சொல், கேட்பவர்க்குப் பலமுறை வருகிறது. உங்கள் ஆய்வேட்டில் இந்தப் பகுதியை எழுதுமுன் இசை பயின்ற ஒருவரிடம் அமர்ந்து கேளுங்கள். இராகத்தின் ‘சோக பாவம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைத் தயவுசெய்து தவிருங்கள். அந்தத் தொடர் எந்தக் கீர்த்தனைக்கும் பொருந்தும், ஆகவே எதையும் விளக்காது.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ உங்கள் பட்டியலில் இருக்கும் என்று நம்புகிறேன். பலரும் அதைச் சீதையின் தீக்குளிப்பைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகும் அதிர்ச்சிக்காகவே பேசுகிறார்கள். நீங்கள் தொடக்கத்தைப் பாருங்கள். சாலையில் கிடக்கும் அகலிகை வெறும் பாறையன்று. ஓர் அபூர்வச் சிற்பி வடித்த கற்சிலைபோல அவர் அவளை வருணிக்கிறார். காளிதாசரிலும் கம்பனிலும் கல்லாக இருந்தவள் இங்கே சிலையாகிறாள். அதாவது நவீன எழுத்தாளர் சிற்பக் கலையை எழுத்துக்குள் கொண்டுவந்து, ஸ்தபதி என்னிடம் கேட்ட கேள்விக்குச் சொல்லால் விடை தருகிறார். பரங்குன்றத்து ஓவியமும் இக்கதையும் இரண்டுமே கல்லில் முடிகின்றன என்ற ஒற்றுமை கண்ணைக் கவரும். அதை எழுதலாம், ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததென எழுதக் கூடாது, அதற்குச் சான்று இல்லை. தாக்கம் வேறு, இணைநிலை வேறு. வாசகருக்கு எது எது என்பதை ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், மதிப்பீட்டாளர் கேட்கக்கூடிய கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

எல்லாக் கலைகளையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திரைப்படம், நாட்டியம், நாட்காட்டிப் படம் எல்லாவற்றையும் இயலுக்கு ஒன்றாக அடுக்கினால் ஆய்வேடு பொருட்காட்சியாகிவிடும். ஒரு கலையும் ஒரு நூலும் உண்மையில் சந்தித்துக்கொண்ட இடம் எதுவோ அங்கே நில்லுங்கள்; உங்கள் தலைப்புக்கு அது பரிபாடல்தான் என்பது என் கருத்து. 19ஆம் பாடலைப் பரிமேலழகர் உரையோடு எடுத்து, அந்த மண்டப அடிகளைக் கையால் எழுதி, சுட்டுச் சொற்களின் கீழ்க் கோடிடுங்கள். பிறகு ஒரு தாளில், ஓவியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பூனை எங்கே, அவள் எங்கே, முனிவன் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறான், ‘இது’ என்று விரல் எங்கே நிற்கிறது என்று வரைந்து பாருங்கள். இரண்டு விதமாக வரைய முடிகிறது என்று உங்களுக்கே தெரியவரும். முதல் இயலை அங்கிருந்து தொடங்கலாம்.